பேர் சொல்லி மூன்று தடவை

பாடாங் செராய்,
கார்த்திகை மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் யோகேஸுக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உன் தம்பி காளிதாசனும் நலம். அங்கே நீ நலமா என்று கேட்டால் ஓகே மா என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாய், அதனால் உன்னைக் கேட்காமல் மாரியம்மனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்தேன். இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நீ சிரிப்பது எனக்குத் தெரிகிறது. வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் வேகமாக ஓடவிட்டுக் கேட்கிறாய், நான் மூச்சு வாங்குகிற இடமெல்லாம் உனக்குத் தெரிவதே இல்லை, வீடியோவில் வந்தால் பாதியில் கேமராவை மூடிவிடுகிறாய். கடிதத்தை அப்படி ஓடவிட முடியாது, மடித்து வைத்தாலும் மேசைமேல் கிடந்து உன்னைப் பார்த்துக்கொண்டே இருக்கும். கூடவே கறித்தூளும் கருவாடும் வைத்து அனுப்பலாம் என்றால் உங்கள் நியூசிலாந்து கஸ்டம்ஸ்காரன் பிரித்துப் பார்த்துக் குப்பையில் போட்டுவிடுகிறான், போன தடவை என் மாங்காய் ஊறுகாய்க்கு அந்தக் கதிதானே ஆயிற்று. வெறும் காகிதத்தை விட்டுவிடுவான் என்று நம்புகிறேன்.

வீட்டுச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பா இன்னும் கம்பெனி பஸ்தான் ஓட்டுகிறார். போதும், ஓய்வாக இருங்கள் என்றால் வீட்டில் உட்கார்ந்து உன் வாயை யார் கேட்பது என்கிறார். இப்போது அவர் பஸ்ஸில் கூலிம் ஃபேக்டரிக்குப் போகிறவர்களில் பாதிப்பேர் நேப்பாளப் பிள்ளைகள், அவர்களிடம் நாலு வார்த்தை கற்றுக்கொண்டு வந்து என்னிடம் பேசிக் காட்டுகிறார், கொஞ்சுகிறாரா திட்டுகிறாரா என்றே தெரியவில்லை. சர்க்கரை ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது, சீனி குறைத்த தே தாரேக் என்று சொல்லிக்கொண்டு இரண்டு கிளாஸ் குடித்தால் அது எப்படிக் குறைவாகும் என்று நீயாவது கேள். காளிதாசனுக்கு மறுபடியும் ஷிப்டு மாற்றிவிட்டார்கள், அவன் வீட்டில் இருக்கிறானா இல்லையா என்பதை வாசலில் கழற்றிப் போட்ட சப்பாத்தை வைத்துத்தான் நான் கண்டுபிடிக்கிறேன். புது மோட்டார் சைக்கிள் வாங்கியிருக்கிறான், யாரோ ஒரு பெண்ணை அதில் ஏற்றிக்கொண்டு பினாங்குக்குப் போனதாகக் கேள்வி, நான் ஒன்றும் கேட்கவில்லை, தானாகச் சொல்லட்டும். முன்வாசல் ரம்புத்தான் மரத்தில் இந்த வருஷம் நல்ல காய்ப்பு, பாதியைக் குரங்கு தின்றது, மீதியைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் தின்றார்கள், எங்களுக்குத் தோல் கூட்டிப் பெருக்குகிற வேலை கிடைத்தது.

இனி உன் விஷயம். பாதி ஆயுசு ஃபேக்டரியில் மைக்ராஸ்கோப்பில் குனிந்து கம்ப்யூட்டர் சில்லுகளில் கீறல் தேடிய கண் என்னுடையது, ரிட்டையர் ஆன பிறகும் அது சும்மா இருப்பதில்லை. முன்பெல்லாம் நீ வீடியோவில் வந்தால் உன் முதுகுக்குப் பின்னால் கதவோரத்தில் சேறு காய்ந்த மலையேறும் பூட்ஸ் தெரியும், அதைக் கழுவி வைத்தால் என்ன என்று நான் கத்துவேன், கழுவினால் மலைக்குக் கோபம் வரும் என்று நீ சிரிப்பாய். இப்போது அந்த இடத்தில் ஒரு குடை நிற்கிறது. நீ போன வருஷம் தனியாக மலையேறப் போய் விழுந்தாய், கால் ஒடிந்தது, உள்ளே கம்பி வைத்தார்கள், எலும்பு கூடிவிட்டது, இனி எங்கே வேண்டுமானாலும் நடக்கலாம் என்று உன் டாக்டரே சொல்லிவிட்டார். ஆனால் கார் நிற்கிற இடத்திலிருந்து கதவு வரைக்கும்தான் உன் நடை என்று உன்னோடு வீட்டில் இருக்கும் பெண் சொன்னாள். அவளைத் திட்டாதே, நான்தான் துருவித் துருவிக் கேட்டேன். நீ விழுந்தாய் என்று கேள்விப்பட்டபோதுகூட உயிரோடு இருக்கிறாள், காலைச் சரிசெய்துவிடலாம் என்று ஒரு பிடி இருந்தது. இப்போது எழுந்து நிற்க முடிந்தும் நீ உட்கார்ந்துவிட்டாயே, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. உனக்குப் பயமாக இருக்கிறது என்றும் எனக்குத் தெரியும். நீ சிரிக்கிற சிரிப்பை நான் ரிஜெக்ட் செய்து நாளாகிவிட்டது.

அதனால் ஒரு திட்டம் போட்டிருக்கிறோம், போட்டவள் நான்தான், மற்றவர்கள் தலையாட்டினார்கள். பொங்கலுக்கு முந்திய சனிக்கிழமை குனோங் ஜெராய் மலைக்கு நடந்து ஏறப் போகிறோம். நானா என்று வாயைப் பிளக்காதே. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது நீ அந்த மலைக்குப் போய்க் காலெல்லாம் அட்டை கடித்த ரத்தத்தோடு வந்து நின்றாயே, பெண் பிள்ளைக்கு இது தேவையா என்று உன்னை வாசலிலேயே நிறுத்தி வைத்துத் தண்ணீர் ஊற்றினேனே, அதே அம்மாதான் இப்போது புகையிலைத் தண்ணீரில் சாக்ஸை ஊறவைத்துக் காயப்போட்டிருக்கிறேன். ஜரீனாவை உனக்குத் தெரியும், ஃபேக்டரியில் என் பக்கத்து நாற்காலி, அவள் வீட்டுக்காரர் மீரா சாகிபுவின் சாப்பாட்டுக் கடையில்தான் நீ சின்ன வயதில் ரொட்டி சானாய்க்கு அழுவாய். நானும் அவளும் ரிட்டையர் ஆன பிறகு காலையில் திடலைச் சுற்றி நடக்க ஆரம்பித்தோம், நடக்கிறோமா ஊர்க்கதை பேசுகிறோமா என்று அப்பா கேட்பார், இரண்டும்தான். அவள் தம்பி சுல்கிப்லி மலைக்கு ஆட்களைக் கூட்டிப் போகிறவன், அதற்கு லைசன்ஸ் வைத்திருக்கிறான், மாலிம் குனோங் என்று சட்டையிலேயே எழுதியிருக்கும். காட்டு இலாகாவில் பெர்மிட் எடுக்கிற வேலையை அவன் பார்த்துக்கொள்கிறான். ஏறுவது யான் என்கிற ஊர்ப் பக்கத்திலிருந்து, காட்டுப் பாதை, வழியில் அருவி உண்டு. குருன் பக்கமிருந்து மேலே வரைக்கும் தார் ரோடும் போகிறது, காளிதாசன் அந்த வழியாக நம் கெரெத்தாவை ஓட்டிக் கொண்டுவந்து நிறுத்தி வைப்பான். ஆகவே ஏறுகிறவர்கள் நடந்தே இறங்க வேண்டும் என்கிற கட்டாயம் கிடையாது. இதை உனக்காகத்தான் எழுதுகிறேன் என்பது உனக்குப் புரிந்திருக்கும்.

அந்த மலைக்கு இத்தனை கதை இருப்பது எனக்கு இப்போதுதான் தெரிகிறது. இத்தனை வருஷமாக ஷிப்டு முடிந்து வரும்போது பஸ் ஜன்னலில் தூரத்தில் நீலமாக நிற்கும், மழை வருமா வராதா என்று பார்ப்பதோடு சரி. சுல்கிப்லி சொல்கிறான், கெடாவை முன்காலத்தில் ஆண்ட ஒரு ராஜாவுக்குச் சமையல்காரி கீரை சமைக்கும்போது கையை அறுத்துக்கொண்டாளாம், ஒரு சொட்டு ரத்தம் குழம்பில் விழுந்துவிட்டதாம், பயந்துபோய் வாயைத் திறக்காமல் பரிமாறிவிட்டாளாம். அந்த ருசி பிடித்துப்போய் ராஜா ஆள்களைக் கொல்ல ஆரம்பித்தான், கோரைப்பல் முளைத்தது, ஜனங்கள் சேர்ந்து துரத்தினார்கள், காட்டுக்குள் ஓடினான், போகிற வழியில் பல்லைப் பிடுங்கி எறிந்த இடம்தான் பாலிங் ஊர் என்று சொல்கிறார்கள். ஜரீனா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். எனக்கு ஒன்றுதான் தோன்றியது, அந்தச் சமையற்கட்டில் என்னைப்போல் ஒருத்தி நின்று பார்த்து ரிஜெக்ட் முத்திரை குத்தியிருந்தால் கெடாவுக்கு இந்தத் தொல்லையே வந்திருக்காது. மலை உச்சிக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் தொழுத இடம் என்று ஒரு திடல் இருக்கிறதாம், அங்கே இரண்டு ரக்காஅத் தொழ வேண்டும் என்பது ஜரீனாவின் ஆசை. அடிவாரத்தில் பூஜாங் பள்ளத்தாக்கில் பழைய கோவில் கற்கள் கிடக்கின்றன, அங்கே ஒரு கற்பூரம் ஏற்றலாமா என்று அப்பா கேட்டார், அது மியூசியம், தீயை எல்லாம் கொண்டுபோகாதீர்கள் என்று சுல்கிப்லி சிரிக்காமல் சொன்னான். எல்லாம் முடிந்ததும் கோலா கெடாவுக்குப் போய் மீன் சாப்பிடுவது அப்பாவின் ஏற்பாடு. அந்தப் படகுத் துறையில் நின்றால் நாம் ஏறிய மலை முழுசாகத் தெரியுமாம், முன்காலத்தில் கப்பல்காரர்கள் அதைப் பார்த்துத்தான் கரை வந்துவிட்டது என்று தெரிந்துகொள்வார்களாம்.

நேராக ஜெராய்க்குப் போய் நின்று மூச்சுமுட்ட வேண்டாம், முதலில் சின்ன மலையில் பழகுங்கள் என்று சுல்கிப்லி சொன்னதால் போன ஞாயிற்றுக்கிழமை செடிம் ஆற்றுப் பக்கம் போனோம். அங்கேதான் ஒரு கூத்து நடந்தது, இந்தக் கடிதமே அதனால்தான். பழைய ரப்பர் தோட்டம் முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் ஒரு மரத்தடியில் நம் முனியாண்டி நிற்கிறார், பக்கத்திலேயே மஞ்சள் பெயிண்ட் அடித்த சின்னக் கூரைக்குள் சீனர்கள் கும்பிடும் டத்தோ சாமி இருக்கிறார், இரண்டு பேருக்கும் நடுவில் ஒரே ஒரு சூலம். அப்பா சுருட்டைப் பற்றவைத்து முனியாண்டிக்கு வைத்தார். சுல்கிப்லி காட்டுக்குள் கால் வைப்பதற்கு முன் சலாம் சொல்லி, உள்ளே வரலாமா என்று மலாயில் அனுமதி கேட்டான். பிறகு எல்லோருக்கும் கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு விசில் கொடுத்தான், யாராவது வழி தப்பினால் நின்ற இடத்திலேயே நின்று ஊதுங்கள், நாங்கள் வருகிறோம் என்றான். அப்பா அதை வாங்கி நல்ல பிள்ளைபோல் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அவர் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள் வீட்டில் பிறந்தவர், காட்டில் விசில் அடித்தால் வேண்டாததெல்லாம் வரும் என்பது அவர் குடும்பத்துச் சட்டம். அந்தச் சட்டத்தில் இன்னொன்றும் உண்டு, உனக்கும் சின்ன வயதில் சொல்லியிருக்கிறார். காட்டில் யாராவது கூப்பிட்டால் முதல் தடவை வாயைத் திறக்கக் கூடாது, இரண்டாவது தடவையும் கூடாது, பேரைச் சொல்லி மூன்று தடவை கூப்பிட்ட பிறகுதான் என்னா என்று கேட்க வேண்டும்.

காடு நன்றாகவே இருந்தது, பொய் சொல்லக் கூடாது. பெரிய அலகுள்ள எங்காங் பறவைகள் இரண்டு எங்கள் தலைக்கு மேலே பறந்துபோயின, அந்த இறக்கைச் சத்தத்தைக் கேட்டு யாரோ பஸ்ஸுக்குக் காற்று பிரேக் விடுகிறார்கள் என்று அப்பா சொன்னார், உண்மையில் அப்படித்தான் இருந்தது. ஒரு மரத்தில் கரடி நகத்தால் கீறிய தடம் இருந்தது, புதுசா பழசா என்று நான் குனிந்து பார்த்தேன், ஓரமெல்லாம் காய்ந்து பாசி பிடித்திருந்தது, பழசு என்று நானே பாஸ் போட்டேன். கறுத்த மந்திகள் மேலே உட்கார்ந்து எங்களைப் பார்த்தன, குட்டி மட்டும் மஞ்சளாக இருந்தது. அந்த வேடிக்கையில் எல்லோரும் அண்ணாந்து நின்றுவிட்டுத் திரும்பிப் பார்த்தால் அப்பாவைக் காணோம். வழி எனக்குத் தெரியும் என்று முன்னாலும் பின்னாலும் போய்க்கொண்டிருந்தவர்தான், எந்தப் பக்கம் போனார் என்று யாரும் பார்க்கவில்லை. சுல்கிப்லி விசிலை ஊதினான், பதில் இல்லை. அண்ணே அண்ணே என்று ஜரீனா கூப்பிட்டாள், அவனும் அண்ணே என்றுதான் கூப்பிட்டான். நான் ஏங்க என்றேன். யோகேஸ் அப்பா என்றேன். காளி அப்பா என்றேன். காடு அப்படியே கம்மென்று இருந்தது, ஆற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. சர்க்கரை இறங்கி எங்காவது மயங்கிக் கிடக்கிறாரோ, பள்ளத்தில் விழுந்துவிட்டாரோ என்று ஓரமாகப் போய் எட்டிப் பார்த்தேன். அப்போதுதான் அவர் வீட்டுச் சட்டம் எனக்கு நினைவு வந்தது. நாங்கள் இத்தனை பேர் இத்தனை நேரம் கத்தியும் ஒருத்தராவது அவர் பேரைச் சொல்லவில்லை.

உனக்குத் தெரியும், நான் அவர் பேரைச் சொன்னதே கிடையாது. கல்யாணம் ஆகி வந்த அன்றைக்கு உன் அப்பாவின் அம்மா சொன்னது, புருஷன் பேரைச் சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று. ஃபேக்டரியில் சூப்பர்வைசரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு வேலை பார்த்தவள் நான், இதையெல்லாம் முழுசாக நம்புகிறேனா என்று கேட்டால் இல்லை, ஆனாலும் ஆஸ்பத்திரிக் கவுண்டரில் கேட்டால்கூட அவர் ஐசி கார்டை எடுத்து நீட்டிவிடுவேன், வாய் வராது. ஜரீனா என் கையைப் பிடித்து, கூப்பிடு வாசுகி, அல்லா பார்த்துக்கொள்வான் என்றாள். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு பக்கிரிசாமி என்று கத்தினேன். எழுதும்போதே கை கூசுகிறது. ஒன்றும் கேட்கவில்லை. பக்கிரிசாமி என்று இன்னொரு தடவை கத்தினேன், அதற்கும் இல்லை. மூன்றாவது தடவை கத்தும்போது அது கத்தலா அழுகையா என்று எனக்கே தெரியாது. உடனே, கொஞ்சம்கூடப் பதறாமல், பக்கத்து மூங்கில் புதருக்குப் பின்னாலிருந்து என்னா என்று ஒரு குரல் வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் மனுஷர், சாய்ந்து கிடந்த ஒரு மரத்தின்மேல் குடையை மடியில் வைத்துக்கொண்டு பஸ் வரட்டும் என்று காத்திருப்பவர் மாதிரி உட்கார்ந்திருக்கிறார். மொத்தத்தில் நாங்கள் நின்ற இடத்துக்கும் அதற்கும் நம் வீட்டு வாசலிலிருந்து கோழிக்கூண்டு வரைக்கும்தான் தூரம்.

நான் திட்டிய திட்டில் மந்தியெல்லாம் வேறு மரத்துக்குப் போய்விட்டது. எல்லாம் கேட்டுச்சு, ஆனா அது நீயா வேற ஏதாச்சுமான்னு எப்படித் தெரியும் என்று கேட்கிறார். ஏங்க என்று எந்த மோகினியும் கூப்பிடுமாம், ஜரீனா குரலில் அண்ணே என்றும் கூப்பிடுமாம். சரி, மூன்றாவது தடவை மட்டும் எப்படி நம்பினீர்கள் என்றேன். அதற்கு அவர் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே எழுதுகிறேன்: "பேயி மூணு தடவ கூப்புடாது வாசுகி. அதுக்கு அவ்ளோ பொறும கெடையாதுலா. மனுசந்தான் கூப்புடுவான்." சுல்கிப்லி தலையில் கை வைத்துக்கொண்டான், அவன் பாடத்தில் இது இல்லை. திரும்பி வரும்போது ஜரீனா சிரித்துச் சிரித்து இரண்டு இடத்தில் உட்கார்ந்துவிட்டாள், பக்கிரிசாமி, பக்கிரிசாமி என்று என்னைப்போலவே சொல்லிக் காட்டினாள். நானும் சிரித்தேன், அவர் ஆயுசுக்கு ஒன்றும் வரவில்லை, வீட்டுக்கு வந்து மூன்று தட்டுச் சோறு சாப்பிட்டார்.

ஆனால் வீட்டுக்கு வருகிற வழியில் கெரெத்தாவில், பாடாங் செராய் சந்திப்பில் சிவப்பு விளக்குக்கு நின்றபோது அப்பா ரோட்டையே பார்த்துக்கொண்டு ஒன்று சொன்னார். "எம்புள்ள அந்த மலையில கெடந்து எத்தன தடவ கூப்புட்டுச்சோ. என்னான்னு கேக்க ஒருத்தருமே இல்லாம போயிட்டாங்க." நீ ஆஸ்பத்திரியில் இருந்தபோது தொண்டை கட்டிப்போய் உனக்குப் பேச்சே வரவில்லை, காலில்தானே அடி, தொண்டைக்கு என்ன என்று நான் கேட்டேன். கத்திக் கத்திக் கட்டிவிட்டது என்று அங்கிருந்த நர்ஸ்தான் சொன்னார். பகலெல்லாம் நீ கத்தி, சாயங்காலம் நாயோடு வந்த அந்தப் புருஷனும் பெண்சாதியும் கேட்டு ஓடி வந்தார்களே, அவர்கள் நன்றாக இருக்க வேண்டும் என்று இன்றைக்கும் விளக்கு ஏற்றும்போது சொல்கிறேன். நீ மலைக்குப் பயப்படுகிறாய் என்று நான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். மூங்கிலுக்குப் பின்னால் அப்பா இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் எனக்குப் புரிந்தது, கூப்பிட்டால் பதில் வராத இடத்துக்கு மறுபடி போக யாருக்குத்தான் மனசு வரும். எனக்கே இன்னும் நெஞ்சு சரியாகவில்லை, உனக்கு எப்படி இருந்திருக்கும் என் தங்கமே.

அதனால் எங்கள் கூட்டத்துக்கு ஒரு புதுச் சட்டம் போட்டாயிற்று, சுல்கிப்லியும் ஒத்துக்கொண்டான், அப்பாவை முனியாண்டி மேல் சத்தியம் செய்ய வைத்தேன். ஜெராயில் யார் யாரை எப்படிக் கூப்பிட்டாலும், பேரோ முறையோ விசிலோ எதுவானாலும், முதல் தடவையே என்னா என்று குரல் கொடுத்துவிட வேண்டும். முன்னால் சுல்கிப்லி போவான், அவனுக்கு அடுத்து ஜரீனாவும் அப்பாவும், பிறகு நீ, உனக்குப் பின்னால் கடைசி ஆளாக நான். உன் முதுகை விட்டு என் கண் எடுக்காது, அது எப்படிப்பட்ட கண் என்று உனக்குத் தெரியும். நம் வேகம் கல்யாண ஊர்வலம் மாதிரித்தான் இருக்கும், ஜரீனா பத்தடிக்கு ஒரு தடவை உட்காருவாள், எனக்கு மூட்டு பிடிக்கும், அப்பா ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு கதை சொல்வார். எந்த வளைவில் போதும் என்று தோன்றுகிறதோ அந்த வளைவிலேயே உட்கார்ந்து கொண்டுவந்த புளிச்சோற்றைப் பிரிப்போம், அதுதான் நமக்கு உச்சி என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவோம், யாருக்கும் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. ஊருக்கு வந்தால் எல்லோரும் காலைத்தான் பார்ப்பார்கள் என்று காளிதாசனிடம் சொன்னாயாம், பார்த்தால் பார்க்கட்டும், இரண்டு நாள் பார்ப்பார்கள், மூன்றாம் நாள் எப்போது கல்யாணம் என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்கள், காலே பரவாயில்லை என்று நீயே சொல்வாய்.

கிறிஸ்துமஸுக்கு உங்கள் ஆபீஸ் மூடினால் பொங்கல் வரைக்கும் திறக்காது என்று நீயே முன்பு சொல்லியிருக்கிறாய், எனவே லீவு இல்லை என்கிற கதை இந்த முறை செல்லாது. வரும்போது பூட்ஸைக் கொண்டு வா, தூக்கிக் கொடுத்துவிட்டாயென்றால் அதையும் சொல், அளவு எனக்குத் தெரியும், கூலிமில் வாங்கி வைக்கிறேன். குளிர் ஊர்ச் சட்டையெல்லாம் இங்கே வேண்டாம், கை மூடுகிற மெல்லிய சட்டை ஒன்று போதும். தினமும் வீட்டைச் சுற்றியாவது கொஞ்சம் நட, மழை பெய்தால் அந்தக் குடையைப் பிடித்துக்கொண்டு நட. மதியம் பிஸ்கட்டைத் தின்றுவிட்டுச் சாப்பிட்டேன் என்று சொல்லாதே. தம்பியிடம் மோட்டாரில் ஏற்றியது யாரை என்று நீ மெதுவாகக் கேட்டுச் சொல். முருகன் துணையும் மாரியம்மன் துணையும் உனக்கு என்றைக்கும் உண்டு, ஜரீனா அவள் பங்குக்கு துஆ செய்வதாகச் சொல்லச் சொன்னாள், அப்பா ஆசீர்வாதம் சொல்லச் சொல்லிவிட்டு என் தோளுக்குப் பின்னால் நின்று தன் பேரை எங்கே எழுதியிருக்கிறேன் என்று தேடிக்கொண்டிருக்கிறார்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. புதுச் சட்டம் மலைக்குத்தான், அதுவரைக்கும் நீ உன் அப்பா வீட்டுப் பழைய சட்டத்தில்தான் இருக்கிறாய், அது உன் ரத்தத்தில் ஊறியது, அதனால்தான் பதில் சொல்லவில்லை என்று நான் எடுத்துக்கொண்டேன். நீ ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கு வீட்டுக்கு வா என்று ஒரு தடவை கூப்பிட்டேன். தீபாவளிக்கு இன்னொரு தடவை கூப்பிட்டேன், நீ கேமராவை மூடிவிட்டாய். பேய்க்கு இதற்குமேல் பொறுமை கிடையாது, எனக்கு உண்டு. உனக்குப் பேர் வைத்த நாளிலிருந்து முழுப் பேரைச் சொல்லி நான் உன்னைக் கூப்பிட்டது குறைவு, இன்றைக்குக் கூப்பிடுகிறேன்.

யோகேஸ்வரி.

பதில் வரும் வரைக்கும் நின்ற இடத்திலேயே நிற்கும்
உன் அம்மா,
வாசுகி பக்கிரிசாமி.